பதினான்கு புள்ளிக் கை

பன்னிரண்டு அடி பின்னால் நடந்து, சுவரில் முதுகு தொட்டதும் நின்று, அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். எதிர்ச் சுவரில், சற்று முன் அச்சாகி வந்த மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருக்கிறது. நடுவில் கறுப்பில் ஒரு மின்னல். அதை அவர் உற்றுப் பார்ப்பதில்லை. அவசரமாக எங்கோ போகிறவர் போல, மனதில் வேறு கவலை உள்ளவர் போல, போகிறபோக்கில் ஒரு பார்வை. அவ்வளவுதான். "ம்ஹூம், மின்னல் மேல ஏறி நிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணாடியை மாட்டி, கணினிக்குத் திரும்புகிறார்.

பெயர்ப்பலகைகள் செய்யும் அந்தக் கடையில் பன்னிரண்டு அடி இடம் என்பது பெரிய விஷயம். ஒரு பக்கம் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம், மறுபக்கம் ஆளுயரத்துக்கு வண்ணத் தாள் சுருள்கள், நடுவில் முதலாளியின் நாற்காலி. அக்கா எழுந்தாலே முதலாளி, கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொள்வார். விஷயம் தெரியாத கூரியர்காரர் ஒருவர் ஒருமுறை வழியில் நின்று கால் மிதிபட்டு, "ஏங்க, பின்னால கண்ணா இருக்கு உங்களுக்கு?" என்று கத்திவிட்டார். "முன்னால இருக்கறதையே கழட்டப் போறேன்" என்றார் அக்கா.

கடைத் தொலைபேசி அடித்தால் பாதி நேரம் "டேஞ்சர் அக்கா இருக்காங்களா?" என்றுதான் குரல் வரும். கடைப் பெயர்ப்பலகை, அம்புக்குறி, கழிப்பறைக் கதவுக்கான ஆண் பெண் உருவம் எல்லாம் மற்றவர்கள் செய்வார்கள். வழுக்கும், சுடும், இடிக்கும், ஷாக் அடிக்கும் என்றால் அது அக்காவின் இலாகா. ஊரில் எங்கெல்லாம் மனிதன் கை காலை முறித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறதோ அங்கெல்லாம் அக்காவின் முக்கோணம் ஒன்று தொங்கும். அவரோடு தெருவில் நடப்பது ஒரு தண்டனை. டிரான்ஸ்பார்மரைக் கண்டால் நின்றுவிடுவார். அவருடைய வீட்டுக்காரர் பேசிக்கொண்டே அரைத் தெரு போய்விட்டு, பக்கத்தில் ஆள் இல்லாததைக் கண்டு திரும்பி வருவார்.

முக்கோணம் வரைவது என்ன பெரிய வித்தையா என்று கேட்பவர்களை அக்காவுக்குப் பிடிக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துவிடுவார். வெக்டர் மென்பொருளில் பலகோணக் கருவியை எடுத்து, பக்கம் மூன்று என்று கொடுத்தால் முக்கோணம் வந்து நிற்கும். முனைகளைக் கொஞ்சம் மழுக்கி, உள்ளே இன்னொரு முக்கோணம் வைத்து, வெளியே கறுப்பு, உள்ளே மஞ்சள். நடுவில் ஆச்சரியக்குறியை வைத்து, 'நடுவில் பொருத்து' என்ற பொத்தானை அழுத்திக் காட்டுவார். குறி போய் நடுவில் உட்காரும். "நடுவுலதானே இருக்கு?" என்பார். வந்தவர் தலையாட்டுவார்.

"நல்லா பாருங்க. உச்சியில முட்டிக்கிட்டு, கீழ காலை தொங்கப்போட்டிருக்கு. மெஷின் என்ன பண்ணும் பாவம், முக்கோணத்தை ஒரு பெட்டிக்குள்ள போட்டு, அந்தப் பெட்டிக்கு நடுவைப் பார்க்குது. முக்கோணத்துக்கு சதையெல்லாம் இடுப்புக்குக் கீழதான். என்னை மாதிரி." சொல்லிவிட்டு, கீழ்நோக்கிய அம்பு விசையைப் பதினொரு தடவை தட்டுவார். ஒவ்வொரு தட்டலுக்கும் உதடு அசையும். பன்னிரண்டாவது தட்டலுக்கு விரல் போய், யோசித்து, திரும்பிவிடும்.

எண்ணுவது அவருக்கு ஒரு வியாதி. வெக்டரில் எந்த உருவமும் புள்ளிகளால் ஆனது; புள்ளிக்குப் புள்ளி வளைவு ஓடும். நல்ல வட்டத்துக்கு நான்கு புள்ளி போதும். அடுத்தவர் வரைந்த கோப்பு கடைக்கு வந்தால் அக்கா முதலில் புள்ளிகளைத்தான் எண்ணுவார். புகைப்படத்தைக் கொடுத்து மென்பொருளையே தானாக வரையச் சொல்லும் சோம்பேறி வழி ஒன்று உண்டு. அதில் வந்த உருவங்களின் ஓரமெங்கும் புள்ளி மொய்க்கும். "இது வரைஞ்சது இல்ல, எறும்பு விட்டது" என்று சொல்லி, அந்தக் கோப்பை மூடும்போது மூக்கைக்கூடப் பொத்திக்கொள்வார்.

அவரும் சறுக்கியிருக்கிறார். சேர்ந்த புதிதில், உள்ளங்கையளவு முக்கோணம் ஒன்றை வரைந்து, சுற்றுக்கோட்டைக் கோடாகவே விட்டுவிட்டார். அதை உருவமாக மாற்றியிருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஆளுயரப் பலகை கேட்க, முக்கோணம் பெரிதாகிவிட்டது. கோடு மட்டும் வளராமல் அப்படியே இருந்துவிட்டது. அச்சாகி வந்த பலகையில் எல்லை தையல் நூல் மாதிரி தெரிந்தது. முதலாளி ஒரு வாரம் அதற்கு முன்னால் நின்று காபி குடித்தார். அன்று முதல் யாராவது கோப்பைக் கொண்டுவந்தால், "கோட்டை உருவமா மாத்தினீங்களா?" என்பதுதான் அக்காவின் வணக்கம்.

அக்காவின் வாழ்நாள் சாதனை ஒரு கை. எட்டு வருடத்துக்கு முன், நகரத்தின் பெரிய சலவை நிலையம் ஒன்றுக்காக வரைந்தது. அங்கே மருத்துவமனை, ஓட்டல் படுக்கை விரிப்புகளைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து எடுப்பார்கள். விரிப்பின் ஓரத்தைப் பிடித்து உருளைக்கு ஊட்டுவது மனிதக் கை. ஊட்டிவிட்டு விலகாத கை உள்ளே போய்விடும். ஆகவே முக்கோணத்துக்குள் இரண்டு வட்டம், நடுவே ஒரு கை. தன் இடது கையையே மேசையில் வைத்து வரைந்தார். மொத்தம் பதினான்கு புள்ளி. கட்டை விரலுக்கு மூன்று, மணிக்கட்டுக்கு இரண்டு என்று இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். முதலாளி அதைக் கடையின் விசிட்டிங் கார்டிலேயே போட்டுவிட்டார்.

அந்தக் கையை வீட்டில் காட்டியபோது, பேருந்து ஓட்டும் அவர் வீட்டுக்காரர் "நல்லா இருக்கு" என்றார். இதற்குப் பெரிய மதிப்பில்லை. அவருக்கு எல்லாமே நல்லா இருக்கும். மின்னல் நல்லா இருக்கும், மண்டையோடு நல்லா இருக்கும், உப்பு மறந்த குழம்பும் நல்லா இருக்கும். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ சொன்ன வார்த்தை. அதோட ரெக்கார்டு ஊசி அங்கேயே மாட்டிக்கிச்சு" என்பார் அக்கா. பத்தொன்பது வருடமாக அந்த மனிதர் வாயிலிருந்து வேறு அபிப்பிராயம் வரவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சலவை நிலையத்தின் மேற்பார்வையாளர் கடைக்கு வந்து, அக்காவின் மேசையில் ஒரு கையுறையை வைத்தார். காகிதம் மாதிரி தட்டையாக இருந்தது. விரல்கள் ஆளுக்கொரு திசையில் விறைத்து நின்றன. கட்டை விரல் பின்பக்கமாக மடங்கி, அப்படியே இஸ்திரி ஆகியிருந்தது.

"இதுக்குள்ள இருந்த கை?" என்றார் அக்கா.

"கை பத்திரமா இருக்குங்க. உறை ரெண்டு சைஸ் பெருசு. உருளை கவ்வினதும் அந்தம்மா கையை உருவிக்கிட்டாங்க. உறை மட்டும் அந்தப் பக்கம் வந்துச்சு." மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். "ஏம்மா அவ்வளவு உள்ள கையை வெச்சேன்னு கேட்டா, 'படத்துல அப்படித்தானே இருக்கு'ங்கறாங்க. நல்லா திட்டிட்டேன்."

"அவங்களை ஏங்க திட்டினீங்க? படம் போட்டது நான்."

அன்று மதியம் அக்காவின் சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை. முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா சலவை நிலையத்துக்குப் போனார். அந்தப் பெண்ணை அங்கே எல்லோரும் 'புதுசு' என்றார்கள். வயது நாற்பத்தொன்று, தன்னைவிட உயரமான இரண்டு பிள்ளைகள். ஆனாலும் கடைசியாகச் சேர்ந்தவர் என்பதால் புதுசு. அக்காவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதான் அந்தப் படம் போட்ட அக்காவா? என்ன அழகா இருக்கு தெரியுமா? முதல் நாள் வந்ததும் நின்னு பார்த்தேன். கை எவ்வளவு பதமா, பஞ்சு மேல வெச்ச மாதிரி உள்ள போகுது! இவ்வளவு நிதானமா வெக்கணும் போலன்னு நானும் அப்படியே வெச்சேன்."

கேலி இல்லை, புகார் இல்லை, மனதாரப் பாராட்டினார். அக்கா பலகையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எட்டு வருஷமா தொங்குது, வேற யாரும் இப்படிச் சொன்னதில்லையே" என்று மேற்பார்வையாளர் சமாதானம் சொன்னார். சரி என்று அக்கா பக்கத்து இயந்திரத்தில் நின்ற, எட்டு வருடமாக அங்கேயே வேலை செய்யும் பெண்ணிடம், "அந்தப் படத்தைப் பார்த்தா உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டார். அவர் விரிப்பை உதறிக்கொண்டே திரும்பி, "எந்தப் படம்?" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எட்டு வருடத்தில் அவருடைய கையை உண்மையில் பார்த்தவர் ஒரே ஒருத்தர். பார்த்தவர் அதை நம்பி, தன் கையையே இழக்கப் பார்த்தார்.

"உருளைக்கு முன்னால தடுப்புக் கம்பி ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கோம். வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாதே, திங்கக்கிழமை பத்து மணிக்குப் புதுசு மறுபடி இந்த மெஷின்லதான்" என்றார் மேற்பார்வையாளர். பிறகு பெருமையாக, "இந்தத் தடவை கையுறை சரியான சைஸ் குடுத்தாச்சு" என்றார்.

சரியான அளவு உறை என்றால் அடுத்த தடவை கையை உருவ முடியாது. அக்கா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பழைய பலகையை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வெள்ளி மதியமும் சனி முழுக்கவும் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. அக்கா ஆறு கைகள் வரைந்தார். ஒவ்வொன்றையும் ஒட்டி, பன்னிரண்டு அடி நடந்து, கண்ணாடியைக் கழற்றினார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அதுதான் தொல்லை. என்ன தெரிகிறது என்று முதலாளியைக் கேட்டால், முதல் கை ரொட்டியைப் பிடிக்கிறது என்றார். இரண்டாவது டாட்டா காட்டுகிறது. மூன்றாவது பூனையைத் தடவுகிறது. நான்காவது கொஞ்சம் பரவாயில்லை, பியானோ வாசிக்கிறது.

"பேசாம 'கை வைக்காதே'ன்னு கொட்டை எழுத்துல போட்டுடலாமே அக்கா?"

"அங்க நாலு பாஷைக்காரங்க வேலை செய்யறாங்க. அதுல பாதிப் பேருக்கு எந்தப் பாஷையும் படிக்க வராது. நீராவியில எழுத்து எங்க தெரியும்?"

"அப்போ இந்த ஆறுல எது அழகா இருக்கோ அதைக் குடுங்க. எல்லாமே அழகாத்தான் இருக்கு."

அந்த வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அழகாக இருந்தால் புதுசு மறுபடி நின்று ரசிப்பார். ரசித்துவிட்டு அதே மாதிரி வைப்பார். இருபது வருடமாக வளைவை வளைவாக வரையப் பழகிய கைக்குக் கோணலாக ஒரு கோடு இழுக்க வரவில்லை. எவ்வளவு கோணலாகத் தொடங்கினாலும் நாலாவது புள்ளியில் சீராகிவிடுகிறது.

ஞாயிறு காலை, வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கா அந்தத் தட்டைக் கையுறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, வாசல் பக்கம் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, அதைக் கைபேசியில் படம் எடுத்தார். படத்தை மென்பொருளுக்குள் போட்டார். தானாக வரையும் அந்தச் சோம்பேறிக் கட்டளையைக் கொடுத்தார். திருட்டுத்தனமாகத் தின்கிறவர் போல திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தொள்ளாயிரத்துச் சொச்சம் எறும்பு.

பாதி நாள் போனது, ஒவ்வொன்றாகத் தட்டிவிடுவதற்கு. உதடு அசைந்துகொண்டே இருந்தது. நூற்றுக்கு வந்தது, அறுபதுக்கு வந்தது. நாற்பதிலும் புள்ளிகள் நெரிசலாகவே தெரிந்தன. முப்பத்தொன்றுக்கு வந்தபோது அடுத்ததை எடுத்துப் பார்த்தார். பின்னால் மடங்கிய கட்டை விரல் சட்டென்று சாதுவாகிவிட்டது. திரும்பக் கொண்டுவந்தார். முப்பத்தொன்றிலேயே நிறுத்தினார். இப்படி ஒரு எண்ணிக்கையை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார். இரண்டு உருளைக்கும் நடுவே அந்தக் கையைச் செருகி, முக்கோணத்துக்குள் பதினொரு தட்டல் கீழே இறக்கி, ஒரு தாளில் அச்செடுத்து, பிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

பின்னால் நடக்க இடம் போதாமல் அவர் கூடத்துக்குள் போன நேரத்தில், வீட்டுக்காரர் தனக்குப் போட்டுக்கொண்ட டீயோடு பால் எடுக்க பிரிட்ஜ் பக்கம் வந்தார். கதவைத் திறக்கக் கை நீட்டினார்.

டம்ளர் தரையில் விழுந்தது. கூடத்திலிருந்து அக்கா பார்த்தபோது, அந்தப் பெரிய மனிதரின் வலது கை இடது அக்குளுக்குள் போயிருந்தது.

"ச்சீ! என்ன கருமம்மா இது? சாப்பிடற பொருள் வெக்கிற இடத்துல... நல்லாவே இல்ல!"

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இல்லங்கறேன்! பார்க்கவே சகிக்கல, எடுத்துப் போடு அதை!"

அக்கா கண்ணாடி இல்லாமல், தரையில் ஓடிய டீயில் கால் வைத்து, ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க, தங்கமே. பத்தொன்பது வருஷம் ஆச்சு."

"உனக்கு என்னம்மா ஆச்சு?" என்றார் அவர். கை இன்னும் அக்குளை விட்டு வெளியே வரவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு அக்கா கடையைத் திறக்கவைத்தார். ஸ்டிக்கர் வெட்டி, பலகையில் ஒட்டி, குமிழி நீவி எடுத்தபோது முதலாளி பக்கத்தில் வந்து நின்று, தன் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, "விசிட்டிங் கார்டுல இதைப் போட முடியாதுக்கா" என்றார். அக்காவுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவைப்படவில்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பலகை உருளைக்கு மேலே ஏறியது. பழையது தொங்கிய இடத்தில் வேண்டாம் என்று, விரிப்பை ஊட்டுகிறவரின் கண் மட்டத்துக்கு மாற்றி மாட்டவைத்தார் அக்கா. பிறகு நீராவிக்கும் தொங்கும் துணிகளுக்கும் நடுவே பின்னால் நடந்தார். பன்னிரண்டு அடியில் ஒரு தூண் முதுகில் தட்டியது. நின்றார். தன் வேலையைப் பார்த்து அவர் இவ்வளவு பயந்தது கிடையாது.

புதுசு வந்தார். விரலுக்கு விரல் கச்சிதமாகப் பொருந்திய புதுக் கையுறை. உருளைகள் சுழலத் தொடங்கின. வண்டியிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, உதறி, ஓரத்தைப் பிடித்து, முன்னால் நகர்ந்தார். தலை நிமிர்ந்தது. யாரும் பார்க்காததைப் பார்க்கும் அந்தப் பெண், வழக்கம்போலப் பலகையை நின்று பார்த்தார்.

விரிப்பு காலடியில் விழுந்தது. இரண்டு கையும் முஷ்டியாகி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. "அம்மாடி!" என்றார் புதுசு. பிறகு குனிந்து விரிப்பை எடுத்து, இந்தத் தடவை ஓரத்தின் கடைசி நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, உருளை வாங்கிக்கொண்டதும் ஒரு முழம் தள்ளியே விட்டுவிட்டார். அடுத்த விரிப்பும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. பக்கத்து இயந்திரத்துப் பெண் எட்டிப் பார்த்து, "இது எப்போ மாட்டினாங்க? பார்க்கவே பயமா இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார்.

மூன்றாவது விரிப்பு உள்ளே போய்க்கொண்டிருந்தபோது புதுசு திரும்பி, நீராவிக்கு அப்பால் தூணோடு தூணாக நின்ற அக்காவைக் கண்டுகொண்டார். இயந்திரச் சத்தத்தில் பேசிப் பயனில்லை. கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உதடு அசைய, இடது சுண்டு விரலில் தொடங்கி, ஒன்றொன்றாக எண்ணினார்.